கசப்பில்லாத கடல்

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். என்ன இது என்றார். கடல் தண்ணீர் என்றேன். எந்தக் கடல் என்றார். தூத்துக்குடிக் கடல் என்றேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், நம்பாமல் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார். சாராயம் இல்லை என்று இருவருக்கும் உறுதியான பிறகு, "எங்கள் நாட்டிலும் கடல் இருக்கிறது, அம்மா" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இருக்கிறது, யார் இல்லை என்றது? அந்தக் கடல் சரியில்லை என்றுதானே என்னைக் கடிதம் போட்டு வரவழைத்திருக்கிறார்கள்!

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் தூத்துக்குடியில் ஓர் உப்பளக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கண் விழித்தால் உப்பு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சேலை முந்தானையில் உப்பு. என் பெரியம்மா மகள் கனகா அக்கா கல்யாணமாகி மலேசியாவுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்காரர் வேலு அத்தான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். அந்த மனுஷர் திடீரென்று வேலையை விட்டுவிட்டு ஆற்று முகத்துவாரத்தில் கொட்டகை போட்டு இறால் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு தடவை நன்றாக வந்திருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மூன்று தடவை அத்தனையும் செத்துப்போய்விட்டன. 'தண்ணீரில்தான் ஏதோ கோளாறு. உனக்குக் கடல் தண்ணீர் அத்துப்படி அல்லவா, இரண்டு வாரம் வந்து பார்' என்று அக்கா எழுதியிருந்தாள். அத்துப்படி என்று எழுதிவிட்டாளே, பிறகு வீட்டில் இருப்பு கொள்ளுமா எனக்கு? அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகளை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அத்தான் ஒரு பழைய லோரியோடு வந்திருந்தார். பின்னால் நான்கு காலிப் பீப்பாய்கள் உருண்டுகொண்டு வந்தன. அவர் அதிகம் பேசாதவர். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, "இங்கிட்டு மழை" என்பார். அதை அவர் சொல்லவே வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. உப்பளத்துக்காரிக்கு மழை என்றால் ஜென்மப் பகை. எங்கள் ஊரில் ஒரு தூறல் விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகுமே என்று எல்லோரும் வானத்தைத் திட்டுவோம். இங்கே மழை பெய்கிறது, ஜனங்கள் குடையை விரித்துக்கொண்டு சிரித்துப் பேசிப் போகிறார்கள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பதறியது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். இருபது வருஷம் கழித்துப் பார்க்கிறவள் என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தால், பாட்டிலைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி மரகதம், மக்ரூன் கொண்டு வருவன்னு பார்த்தா கடல் தண்ணியத் தூக்கிட்டு வந்திருக்க." மக்ரூனும் கொண்டு வந்திருந்தேன். ஆனால் இந்த ஊர் ஈரக்காற்று பட்டு அது கூழாகி, காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. இருவரும் காகிதத்தோடு சேர்த்து வழித்துத் தின்றோம். பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதோம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நெத்திலி சம்பலும் தேங்காய்ப்பால் சோறும். மூன்று தடவை போட்டுக்கொண்டேன். அத்தான் கை கழுவப் போன சமயம் அக்கா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்துத் துரையோடு வாய்த்தகராறு ஆகித்தான் அத்தான் வேலையை விட்டாராம். ஆள் கிடைக்காததால் துரை இந்த மாதக் கடைசி வரை வேலையையும் தோட்டத்து வீட்டையும் அவருக்காக விட்டுவைத்திருக்கிறார். இந்தத் தடவையும் குஞ்சுகள் செத்தால் அத்தான் அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்று, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். "அது அவருக்குச் சாவுக்குச் சமம்லா" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு நான்காவது தடவை சம்பல் வைத்தாள். அதை அப்படியே ஒதுக்கி வைத்தேன்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனோம். ஆறு கடலில் சேருமிடம். அலை என்று ஒன்றும் கிடையாது. மணல் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, அதில் வேரைத் தூக்கி நிற்கும் அலையாத்தி மரங்கள், பால் விட்ட டீ நிறத்தில் தண்ணீர். இதுவா கடல் என்று எனக்கு வாயெல்லாம் இளக்காரம்.

கொட்டகைக்குள் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள். ஓரமாக ஒரு சின்னத் தொட்டியில் முட்டை சுமந்த இரண்டு தாய் இறால்கள். முழங்கை நீளம், உடம்பெல்லாம் பட்டை பட்டையாக வரி, முதுகுக்குள் பச்சையாக முட்டை தெரிகிறது. பாக் மான் என்கிற மலாய் மீனவர் பிடித்துக் கொடுத்தவை. இந்த மாதம் இனி கிடைக்காது, இந்த இரண்டுதான் என்று சொல்லிவிட்டாராம்.

நான் ஹைட்ரோமீட்டரை எடுத்தேன். தண்ணீரில் மிதக்கவிட்டால் எத்தனை டிகிரி அடர்த்தி என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. உப்பளத்தில் அதுதான் எங்களுக்குத் தாலி மாதிரி. எங்கள் ஊர்க் கடல் மூன்று டிகிரி காட்டும். பாத்தியில் வெயில் காய்ந்து இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால் உப்பு பூக்கும். கொண்டுவந்த பாட்டிலில் மிதக்கவிட்டேன், மூன்று. அத்தானின் தொட்டியில் விட்டேன். குழாய் மளமளவென்று இறங்கியது. ஒன்றுகூட இல்லை!

"அத்தான், இது கடலே இல்ல. ஆத்துத் தண்ணி" என்றேன். வந்த வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மழை பெய்து ஆறு பெருகி வந்து முகத்துவாரத்தை நிரப்பிவிட்டது, அவர் துறையிலிருந்து குழாய் போட்டு அதைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார். உப்பு போதாமல் குஞ்சுகள் செத்திருக்கின்றன. அக்கா என்னை அப்படியே பெருமையாகப் பார்த்தாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

உப்பு குறைந்தால் என்ன செய்வது? போட வேண்டியதுதானே! கடைத்தெருவில் காயல்பட்டினத்துக்காரர் சாகுல் காக்கா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனுஷருக்கு முகமெல்லாம் பல். ரொட்டி சானாய் என்று ஒன்றைக் காற்றில் வீசி வீசிப் போட்டுக் கொடுத்தார். நம் பரோட்டாவின் சின்னம்மா மகள்தான் அது, ஆனால் இவள் கொஞ்சம் மினுக்குகிறவள். டீயை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி நுரையோடு வைத்தார். மீனுக்குப் போடும் கல்லுப்பு மூட்டை இருக்கிறதா என்று கேட்டேன். பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். சாக்கின் மேல் கறுப்பு மையில் தூத்துக்குடி என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது.

கடல் கடந்து வந்த இடத்தில் என் ஊர் உப்பு. எந்தப் பாத்தியில் யார் கால் மிதித்து வாரியதோ, ஒருவேளை என் ஆய்வுக்கூட மேஜைக்கே சாம்பிளாக வந்ததோ. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டேன். அசல் சரக்கு. சுத்தமான, துளி கசப்பில்லாத முதல் தரம். நல்ல உப்பு என்றால் கசக்கக் கூடாது. கசப்பை நீக்குவதுதானே எங்கள் தொழிலே. மூட்டையை லோரியில் ஏற்றச் சொன்னேன். காக்கா ஊர்க்காரிக்கென்று கறியும் முட்டையும் வைத்து மடித்த இரண்டு முர்தபாவும் கட்டிக் கொடுத்தார்.

துணியில் கட்டி உப்பைத் தொட்டியில் கரைத்தேன். ஹைட்ரோமீட்டர் ஏறிக்கொண்டே வந்து மூன்றில் நின்றது. அத்தான் முதல் முறையாகச் சிரித்தார். அன்று சாயங்காலம் ஒரு தாய் இறாலை அதில் விட்டோம். காலையில் வந்து பார்த்தால் முட்டையிட்டிருந்தது. மத்தியானத்துக்குள் தண்ணீர் முழுக்கத் தூசிபோலக் குஞ்சுகள், வெளிச்சம் விழுந்த மூலைக்குத் திரண்டு துள்ளுகின்றன. அக்காவும் நானும் கைகோத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஒரு கும்மியே அடித்துவிட்டோம்.

முதல் இரண்டு நாள் குஞ்சுகள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவையே தின்று உயிர் வாழும், நம் தயவு வேண்டாம். மூன்றாம் நாள் உருமாறி, வாய் திறந்து தின்ன ஆரம்பிக்கும்போதுதான் கண்டம். அதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வருகிறேன் என்று நான் தனியாகப் பஸ் ஏறினேன். ஏறியது தப்புப் பஸ். தூங்கியும்விட்டேன். நடத்துநர் எழுப்பி இறக்கிவிட்டபோது சுற்றிலும் ஒரே பச்சை வயல், நடுவே நேர்கோடாக வாய்க்கால்கள். தஞ்சோங் காராங் என்றார்கள். தஞ்சாவூருக்கே வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் மிரண்டுபோனேன்.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். சும்மா இருப்பேனா? வாய்க்கால் ஓரம் குந்தி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அப்படித்தான், கை தானாகப் போகும். கருவி காட்டுவதற்கு முன்னால் நாக்கு சொல்லிவிடும். சைக்கிளில் போன ஒரு மலாய் அம்மாள் இறங்கி வந்து, இந்தத் தண்ணீரைக் குடிக்காதே, தாகமாக இருந்தால் வீட்டுக்கு வா என்று சைகையில் கூப்பிட்டார். போனேன். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தார். எங்கள் ஊர் பஜ்ஜிக்கு இது தங்கச்சி முறை என்று சொல்ல ஆசை, மொழிதான் இல்லை. எட்டுப் பழம் தின்று என் நன்றியைத் தெரிவித்தேன். பூதக்கண்ணாடி கடைசியில் கோலசிலாங்கூர்க் கடைத்தெருவிலேயே கிடைத்தது.

மூன்றாம் நாள் புதன்கிழமை. பூதக்கண்ணாடியும் கையுமாகக் குதித்துக்கொண்டு போனேன். தொட்டியில் துள்ளல் இல்லை. அடியில் வெள்ளையாக, மெல்லிசாக ஒரு படிவு. அத்தனையும் குஞ்சுகள். உருமாறப் பார்த்திருக்கின்றன, முடியவில்லை.

அத்தான் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஹைட்ரோமீட்டரை விட்டேன், மூன்றிலேயே நிற்கிறது. அப்புறம் என்ன கேடு? விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. நல்ல உப்பு. பாட்டிலைத் திறந்து என் ஊர்க் கடலை நாக்கில் வைத்தேன். உப்பு, அதற்குப் பின்னாலேயே தொண்டையில் ஒரு கசப்பு.

அடிப்பாவி மரகதம்! கல்லூரி முதல் வருஷத்துப் பாடம் அது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் உப்புகள். அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நாம் சோற்றில் போடும் உப்பு. மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், இன்னும் என்னென்னவோ. எந்த மகா சமுத்திரத்தில் மொண்டாலும் தண்ணீர் கூடலாம் குறையலாம், அந்தச் சரக்குகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் மட்டும் மாறாது. நாங்கள் உப்பளத்தில் என்ன செய்கிறோம்? சோற்றுப்பு விளைந்ததும் வாரிக்கொள்கிறோம். மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிய கசப்புத் தண்ணீரை வெளியே திறந்துவிடுகிறோம். பதினைந்து வருஷம் அதைக் கழிவு கழிவு என்று சொல்லிச் சொல்லி, கடல் என்றால் உப்பும் தண்ணீரும்தான் என்று எனக்கே மனசில் பதிந்துபோயிருக்கிறது. இறாலுக்கு மேல் ஓட்டைக் கழற்றி மாற்றி உடம்பு வளர்க்க அந்தக் கழிவெல்லாம் வேண்டும். நான் கலக்கியதைக் கடல் என்று ஹைட்ரோமீட்டர் வேண்டுமானால் நம்பும், அது கனத்தை மட்டும் அளக்கிற ஊமைக் குழாய். குஞ்சுகள் நம்பவில்லை.

இதை நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்தாள். "தாய் இறால் சரியில்ல போலக்கா" என்று என் வாய் சொன்னது. வெட்கமாக இருக்கிறது, இப்போது எழுதும்போதும்.

ஆனால் இன்னொரு தாய் இருந்தது. அதன் முதுகு முழுக்க முட்டை, இன்றோ நாளையோ போட்டுவிடும். அதற்குள் அசல் கடல் வேண்டும். ஆறு கலக்காத இடத்திலிருந்து, படகில் போய்க் கொண்டுவர வேண்டும் என்றேன். பாக் மானுக்கு ஆள் அனுப்பினோம். பௌர்ணமியை ஒட்டிய நாள், வியாழன் காலை கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும், அப்போது போகலாம் என்றார்.

தூத்துக்குடியில் பிறந்தவள் என்றதும் எல்லோரும் நான் படகிலேயே வளர்ந்தவள் என்று எண்ணிவிட்டார்கள். எங்களுக்குக் கடல் வாய்க்கால் வழியாக நடந்து வீட்டுக்கு வரும், நாங்கள் எதற்கு அதைத் தேடிப் போகிறோம்? அன்றுதான் முதல் படகு எனக்கு. முகத்துவாரம் தாண்டியதுமே காலையில் தின்ற நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு முழுவதையும் மலாக்கா நீரிணைக்குக் கொடுத்துவிட்டேன். பாக் மான் சிரிக்காமல் ஒரு புளிப்பு மாங்காய்த் துண்டை நீட்டினார். அத்தான் மெதுவாக மொழிபெயர்த்தார்: "முதல் தடவை எல்லாரும் கடலுக்குச் சாப்பாடு போடுறதுதானாம்."

கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் நின்றோம். அளந்தேன். ஒன்றரை! இவ்வளவு தூரத்திலும் ஆற்றுத் தண்ணீர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாக் மானிடம் அத்தான் ஏதோ கேட்டார். அவர் சொன்னதை அத்தான் திரும்பச் சொன்னார்: மழைக்காலத்தில் வலையை ஆழத்தில் போட்டால்தான் கடல் மீன் கிடைக்கும், மேலே போட்டால் ஆற்று மீன்தான்.

சட்டென்று எனக்கு உறைத்தது. ஆற்று நீர் லேசு, கடல் நீர் கனம். கலக்க அலை இல்லாவிட்டால் ஒன்று மேலே படுத்துக்கொள்ளும், மற்றது அடியில் படுத்துக்கொள்ளும். ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கையில் தனியாக ஒரு கயிறு கட்டி ஆழத்தில் இறக்கி, தக்கையைச் சுண்டி இழுத்தேன். மேலே வந்ததும் முதலில் நாக்கு. உப்பு, உடனே பின்னால் கசப்பு! அந்தக் கசப்பை நான் எங்கள் கல்யாண வீட்டுப் பாயசத்தைப்போல ருசித்தேன். ஹைட்ரோமீட்டர் மூன்றைத் தொட்டது. கைப்பம்பின் குழாயில் செங்கல்லைக் கட்டி, அடிச்சேற்றுக்கு ஓர் ஆள் உயரம் மேலே தொங்கவிட்டு, அத்தானும் பாக் மானும் மாற்றி மாற்றி இறைத்தார்கள்.

ஆறு பீப்பாய் போதும் என்றார் பாக் மான். கொண்டுபோன எட்டையும் நிரப்ப வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். படகு கழுத்து வரை இறங்கியது. அந்தப் பிடிவாதத்துக்கான விலையைச் சீக்கிரமே கொடுத்தோம். திரும்பும்போது ஏற்றம் வடிந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்துக்கு முன்னால் படகு மெதுவாக, ரொம்ப மரியாதையாகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் சுற்றிலும் தண்ணீரே இல்லை. கொக்குகள் எங்களைச் சுற்றி நடந்து போயின. சாயங்காலம் ஏற்றம் வரும்வரை இப்படித்தான் என்று பாக் மான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

பிறகு மழை வந்தது. வராமல் இருக்குமா? மூன்று பீப்பாய்களுக்கு மூடி இல்லை. தார்ப்பாயை விரித்து அதன்மேல் நானே மல்லாக்கப் படுத்து, அசல் கடலை நல்ல தண்ணீரிடமிருந்து காப்பாற்றினேன். என் வாழ்நாளில் மழையோடு போட்ட சண்டைகளில் ஜெயித்தது அது ஒன்றுதான்.

மழை விட்டதும் அத்தான் என் பக்கத்துப் பீப்பாயில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"என் கைராசிதான் சரியில்ல போல, மரகதம். ரப்பர் பால் கணக்கு எழுதுன கையி. இது எனக்கு வராது. வெள்ளிக்கிழம போயி துரைகிட்ட கேட்டுடுறேன்."

நாலு பக்கமும் சேறு. ஓட வழியில்லை. "உங்க கை இல்ல அத்தான். நாந்தான் கொன்னேன். வெறும் உப்பப் போட்டுட்டு கடல்னு நெனச்சேன். தாய் இறால் மேல பழியப் போட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தொட்டித் தண்ணிய நக்கிப் பார்த்தியே, அப்ப உன் மூஞ்சி போன போக்கு."

"பெறகு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ கோவிச்சிக்கிட்டு பிளேன் ஏறிடுவ. அப்புறம் தண்ணிய யாரு கொண்டாறது?" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சேற்றில் உட்கார்ந்த படகில், எட்டுப் பீப்பாய்க் கடலின் மேல், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாக் மான் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார். துரையிடம் மாதக் கடைசிக்கு முன்னால் போகமாட்டேன் என்று அத்தானிடம் சத்தியம் வாங்கினேன்.

பொழுது சாய்வதற்குள் படகு மிதந்தது. அக்காவின் பழைய நைலக்ஸ் சேலையை மடித்து வடிகட்டித் தொட்டியை நிரப்பினோம். தாய் இறாலை விட்டோம். மறுநாள் காலை முட்டை, மத்தியானம் குஞ்சு. இந்தத் தடவை கும்மி அடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் நான் கொட்டகைக்குள் போகவே மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் பூதக்கண்ணாடியோடு போனாள். அவள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கரைத்து விட்டிருந்தாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பிறகு, "ஏட்டி, எல்லாத்துக்கும் பின்னால நூலு நூலாத் தொங்குதே, என்னது?" என்றாள். ஓடினேன். ஆமாம், ஒவ்வொரு குஞ்சுக்குப் பின்னாலும் தன்னைவிட நீளமான ஒரு நூல். அது கழிவு. தின்றிருக்கின்றன, செரித்திருக்கின்றன, இருக்கின்றன! பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அத்தான் பூதக்கண்ணாடியை வாங்கி ஒரு மணி நேரம் அதையே பார்த்தார். சாகுல் காக்கா கடையிலிருந்து கோழிக் குழம்பு வந்தது. ஊருக்கே செய்தி பரவி, தோட்டத்துக் கங்காணி மண்டோர் முதற்கொண்டு ஆள் ஆளாக வந்து இறால் குஞ்சின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு மெச்சிப் போனார்கள். கோலசிலாங்கூருக்கு வந்தவர்களெல்லாம் மின்மினி பார்க்கப் போவார்களாம். எனக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

நான் கிளம்புகிற நாள் அவை மறுபடியும் உருமாறியிருந்தன. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாலைச் சுண்டிப் பின்பக்கமாகப் பாய்கிற பருவம். மழைக்காலத்துக் குஞ்சுகளில் ஒன்றுகூட இதுவரை இந்தக் கட்டத்தைத் தொட்டதில்லை. கண்டம் தாண்டிவிட்டது என்று அத்தான் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தோட்டத்து ஆபீஸ் முன்னால் லோரியை நிறுத்தினார். அன்றுதான் மாதக் கடைசி. ஒரு நிமிஷம் என்று சொல்லி இறங்கிப் போனார். அக்காவும் நானும் முன் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

அத்தான் போன மாதிரியே திரும்பி வந்தார். ஏறி உட்கார்ந்தார். துரை என்ன சொன்னார் என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. உட்காரவும் சொல்லல" என்றார். சாவியைத் திருகினார், வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. "பதினெட்டு வருஷமா அந்த மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டே பேசியிருக்கேன். இன்னைக்கு நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காந்து, வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபக்கமும் ரப்பர் மரங்கள் போய்க்கொண்டேயிருந்தன. வெகுநேரம் கழித்து, எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"இன்னும் கொஞ்ச நேரம் உட்காந்திருக்கலாம்லா" என்றாள் அக்கா.